உரிமத்துக்கு மோர்ஸ் வேண்டாம்; அப்புறம் ஏன் இத்தனை பேர் படிக்கிறார்கள்?

ஹாம் ரேடியோ என்னும் பொழுதுபோக்கு வானொலிக்கு உரிமம் எடுக்க நினைப்பவர், எழுத்துகளைக் குறுகிய, நீண்ட ஒலிகளாக அனுப்பும் மோர்ஸ் குறியீட்டைப் பற்றி முதல் வாரத்திலேயே இரண்டு விதமான பேச்சைக் கேட்டுவிடுவார். "மோர்ஸ் எல்லாம் பழங்கதை, தேர்விலிருந்தே எடுத்துவிட்டார்கள்" என்பது ஒன்று. "மோர்ஸ் தெரியாதவர் ஹாமே இல்லை" என்பது இன்னொன்று. முதல் பேச்சு பாதி உண்மை. இரண்டாவது உண்மையே இல்லை, ஆனால் அதைச் சொல்பவர்கள் முழுக்க வறட்டுப் பெருமைக்காகச் சொல்வதாகவும் தள்ளிவிட முடியாது.

இரண்டு வேறு வேறு கேள்விகளை ஒரே முடிச்சாகப் போட்டதுதான் இந்தக் குழப்பத்தின் மூலம். உரிமம் பெற மோர்ஸ் கட்டாயமா என்பது சட்டம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. மோர்ஸ் தெரிந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இயற்பியலும் காதும்தான் பதில் சொல்ல வேண்டும். சட்டத்தின் பதில் 2003-இல் மாறியது. இயற்பியலின் பதில் அன்றும் இன்றும் ஒன்றுதான். ஆனால் அதற்குப் போட்டியாகக் கணினி வந்துவிட்டது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

உரிமம் எதற்கு?

அமெச்சூர் வானொலி, பேச்சு வழக்கில் ஹாம் ரேடியோ, பொழுதுபோக்காகச் செய்யப்பட்டாலும் சர்வதேச ஒப்பந்தத்தில் இடம் பிடித்த ஒரு முறையான வானொலிச் சேவை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிகள் இதற்குத் தரும் இலக்கணத்தின் சாரம் இது: தன்னைத் தானே பயிற்றுவித்துக்கொள்வது, பிற அமெச்சூர்களுடன் தொடர்புகொள்வது, தொழில்நுட்பத்தை ஆராய்வது. இவை தனிப்பட்ட ஆர்வத்தால் மட்டும் நடக்க வேண்டும், பண ஆதாயம் கூடாது.

இந்த இலக்கணத்திலிருந்தே தடைகளும் பிறக்கின்றன. வியாபாரச் செய்தி அனுப்பக்கூடாது. பாட்டு ஒலிபரப்பி வானொலி நிலையம் நடத்தக்கூடாது. பொருள் மறைக்கும் நோக்கத்தோடு சங்கேத மொழியில் பேசக்கூடாது. மோர்ஸ் சங்கேத மொழி இல்லையா என்று இங்கே சிலர் கேட்பதுண்டு. இல்லை. அதன் அட்டவணை உலகத்துக்கே தெரியும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மறைப்பது வேறு, குறியீட்டில் எழுதுவது வேறு.

சரி, பொழுதுபோக்குக்கு எதற்கு உரிமம்? கைபேசியையோ வைஃபை கருவியையோ வாங்குபவர் தேர்வு எழுதுவதில்லை. அந்தக் கருவி எந்த அதிர்வெண்ணில், எவ்வளவு ஆற்றலில் இயங்க வேண்டும் என்பதைத் தயாரித்தவர் பூட்டிக் கொடுத்துவிடுகிறார். ஹாம் கையில் இருக்கும் கருவிக்கு அந்தப் பூட்டு கிடையாது. அதிர்வெண்ணை அவரே தேர்ந்தெடுக்கலாம், நூற்றுக்கணக்கான வாட் வரை ஏற்றலாம், சாலிடர் இரும்பை எடுத்துக் கருவியைத் தானே கட்டவும் செய்யலாம். இவ்வளவு சுதந்திரம் கொடுக்கும்போது, பக்கத்து அலைவரிசையில் இருக்கும் விமானத்தையோ கப்பலையோ தொந்தரவு செய்யாத அளவுக்கு விவரம் தெரிந்தவரா என்று அரசு சோதிக்கிறது. தேர்வின் சாரம் அவ்வளவுதான்.

பெரும்பாலான நாடுகளில் தேர்வுப் பாடங்கள் ஏறக்குறைய ஒன்றே: வானொலி விதிகள், ஓம் விதியில் தொடங்கும் மின்னியல் அடிப்படை, அலைபரப்பி, ஏற்பி, ஆன்டெனா, அலைகள் பரவும் விதம், பாதுகாப்பு. உரிமத்திலும் படிநிலைகள் உண்டு. கீழ்ப்படியில் குறைந்த ஆற்றல், குறைந்த அலைவரிசைகள். மேலே போகப் போக அதிகம். தேறியவருக்கு உலகில் வேறு யாருக்கும் இல்லாத ஓர் அழைப்புக்குறி கிடைக்கும். அதன் முன்னெழுத்தே நாட்டைச் சொல்லிவிடும். வியூ என்று தொடங்கினால் இந்தியா, 4எஸ் என்றால் இலங்கை, 9வி என்றால் சிங்கப்பூர்.

மோர்ஸ் எப்படிக் கட்டாயமானது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வானொலி என்றாலே மோர்ஸ்தான். குரலை அனுப்பும் வழி நடைமுறைக்கு வரவில்லை. தீப்பொறி அலைபரப்பிகள் அகலமான பட்டையில் கரகரத்துக்கொண்டிருந்தன. ஒருவர் அனுப்பினால் சுற்றுவட்டாரம் முழுக்க அதைக் கேட்டே தீர வேண்டும். கப்பல், கடற்படை, கரை நிலையம், வீட்டு மாடியில் கருவி கட்டிய இளைஞன், எல்லோரும் ஒரே சந்தையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா ஒரு வானொலிச் சட்டத்தை நிறைவேற்றி, அமெச்சூர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியதோடு 200 மீட்டரும் அதற்குக் குறைந்த அலைநீளமும் கொண்ட பகுதிக்குள் அவர்களை ஒதுக்கித் தள்ளியது. அந்தக் குறுகிய அலைகள் எதற்கும் உதவாதவை என்பது அன்றைய நிபுணர்களின் கணிப்பு. அந்தக் கணிப்பு போல மகா தவறான கணிப்பு வானொலி வரலாற்றில் குறைவு. 1921 டிசம்பரில் அமெரிக்க அமெச்சூர்களின் சிக்னல் அட்லாண்டிக்கைத் தாண்டி ஸ்காட்லாந்தின் ஆர்ட்ரோசனில் கேட்டது. 1923 நவம்பரில் அமெரிக்காவின் பிரெட் ஷ்னெலும் பிரான்சின் லியோன் டெலோயும் ஏறத்தாழ 100 மீட்டர் அலைநீளத்தில் இரு திசையிலும் பேசிக்கொண்டார்கள். பேசிக்கொண்டார்கள் என்றால் வாயால் அல்ல, மோர்ஸில். குப்பை மேடு என்று ஒதுக்கிய இடம்தான் சிற்றலை என்ற புதையலாக மாறியது.

ஆனால் சிற்றலை உலகம் முழுக்கப் போகும் என்றால், தொந்தரவும் உலகம் முழுக்கப் போகும். இங்கேதான் மோர்ஸ் தேர்வுக்கான நியாயம் வருகிறது. ஓர் அமெச்சூர் தெரியாமல் ஆபத்து அழைப்பின் மீதோ கடற்படைத் தகவலின் மீதோ ஏறி அனுப்பிக்கொண்டிருக்கலாம். "நிறுத்து" என்று அவருக்குச் சொல்ல அந்தக் கப்பலுக்கு இருந்த ஒரே வழி மோர்ஸ். அதைப் புரிந்துகொள்ளத் தெரியாதவர் கையில் அலைபரப்பியைக் கொடுப்பது, காது கேட்காதபடி எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு வண்டி ஓட்டச் சொல்வது மாதிரி. மரபுக்காகவோ திறமை காட்டவோ வைத்த விதி அல்ல இது; பாதுகாப்புக்காக வைத்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு நடந்தது எளிதாகப் புரியும்.

கட்டாயம் கழன்ற கதை

சர்வதேச விதி ஒரே நாளில் விழவில்லை. படிப்படியாகத்தான் பின்வாங்கியது.

1. 1947-இல் அட்லாண்டிக் சிட்டி மாநாடு, 1000 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும் பயன்படுத்துவோருக்கு மோர்ஸ் விலக்கு தர நாடுகளை அனுமதித்தது. அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் அன்று யாரும் பெரிதாக இயங்கவில்லை என்பதால் இது பெயரளவுச் சலுகை.

2. 1959-இல் அந்த எல்லை 144 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கியது. இது உண்மையான சலுகை. பிரிட்டன் 1964-இல் மோர்ஸ் இல்லாத தனி உரிமம் ஒன்றைக் கொண்டுவந்தது.

3. 1979-இல் எல்லை 30 மெகாஹெர்ட்ஸ். அதற்குக் கீழே இருப்பதுதான் சிற்றலை, அதாவது கண்டம் விட்டுக் கண்டம் போகும் பகுதி. அங்கே போக வேண்டுமானால் மோர்ஸ் தெரிந்தே ஆக வேண்டும் என்ற நிலை இன்னும் 24 ஆண்டுகள் நீடித்தது.

4. இதற்கிடையில் மோர்ஸை நம்பியிருந்த மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 1995-இல் மோர்ஸ் சேவையை நிறுத்தியது. 1999 பிப்ரவரி 1 முதல் உலகக் கப்பல் போக்குவரத்து, செயற்கைக்கோளையும் தானியங்கி அழைப்பையும் கொண்ட புதிய ஆபத்து அறிவிப்பு முறைக்கு முழுமையாக மாறியது.

நாலாவது புள்ளிதான் திருப்பம். "நிறுத்து" என்று மோர்ஸில் சொல்லக் கப்பலில் ஆளே இல்லாதபோது, அதைப் புரிந்துகொள்ளும் திறனை அமெச்சூரிடம் கட்டாயமாகக் கேட்பதில் என்ன பொருள்? 2003-இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு, விதியின் 25-ஆவது பிரிவைத் திருத்தி, மோர்ஸ் கேட்பதா வேண்டாமா என்பதை அந்தந்த நாடே முடிவு செய்யலாம் என்றது.

கவனிக்க வேண்டிய சொல், "நாடே முடிவு செய்யலாம்". மாநாடு மோர்ஸைத் தடை செய்யவும் இல்லை, தேர்விலிருந்து எடுக்கச் சொல்லவும் இல்லை. பிரிட்டனும் ஜெர்மனியும் அந்த ஆண்டே எடுத்துவிட்டன. அமெரிக்கா அவசரப்படவில்லை. அங்கே ஒரு காலத்தில் படிநிலைக்கு ஏற்ப நிமிடத்துக்கு 5, 13, 20 சொல் என மூன்று வேகங்களில் தேர்வு இருந்தது. 1991-இல் கீழ்நிலை உரிமம் ஒன்றுக்கு மட்டும் விலக்கு தந்தார்கள். 2000-இல் எல்லாப் படிக்கும் 5 சொல் போதும் என்றார்கள். 2007 பிப்ரவரி 23-இல்தான் முற்றாக எடுத்தார்கள். இன்றும் மேல்நிலை உரிமத்துக்கு மோர்ஸ் கேட்க ஒரு நாட்டுக்கு முழு உரிமை உண்டு. ஆகவே "தேர்வில் இல்லை" என்று யாராவது சொன்னால், எந்த நாட்டில், எந்தப் படிக்கு என்று கேட்டுக்கொள்வது நல்லது. நடப்பு விதிநூலைப் பார்ப்பது அதைவிட நல்லது.

மோர்ஸ் தேர்வு போனதும் தரம் போய்விட்டது என்ற புலம்பல் இன்னும் ஓயவில்லை. அந்த வாதம் வலுவானதாகத் தெரியவில்லை. மோர்ஸ் தேர்வு அளந்தது ஒரே ஒரு திறமையை. ஒலிவாங்கியின் அளவை முறுக்கி ஏற்றிப் பக்கத்து நிலையங்கள் மீது சிதறடிப்பவர் நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் தேறியவராகவும் இருக்கலாம். ஒழுக்கத்தையும் அறிவையும் சோதிக்க வேண்டுமானால் நேரடியாக அவற்றைப் பற்றித்தான் கேள்வி கேட்க வேண்டும்.

சட்டக் கேள்வி இதோடு முடிந்தது. இனி இரண்டாவது.

மோர்ஸின் உள்கணக்கு

சாமுவேல் மோர்ஸின் தந்தி 1844-இல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே ஓடியது. இன்று நாம் பயன்படுத்துவது அவருடைய அசல் பட்டியல் அல்ல. ஜெர்மனியின் பிரீட்ரிக் கெர்கே 1848-இல் சீர்திருத்தி, 1865-க்குப் பின் சர்வதேச அளவில் நிலைபெற்ற வடிவத்தின் வாரிசு. பட்டியல் மூடப்பட்டுவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். மின்னஞ்சலில் வரும் "அட்" குறிக்கு 2004-இல்தான் மோர்ஸ் வடிவம் கிடைத்தது.

புள்ளி, கோடு என்று எழுதினாலும் மோர்ஸ் என்பது காலக் கணக்கு. குறுகிய ஒலி ஓர் அலகு. நீண்ட ஒலி மூன்று அலகு. ஓர் எழுத்துக்குள் ஒலிகளுக்கு இடையே ஓர் அலகு மௌனம், எழுத்துகளுக்கு இடையே மூன்று, சொற்களுக்கு இடையே ஏழு. மௌனமும் எழுத்தின் பகுதிதான். புதிதாக அனுப்புபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஒலியில் அல்ல, இந்த மௌனத்தில்.

வேகத்தை அளக்க "பாரிஸ்" என்ற ஆங்கிலச் சொல்லை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். அதன் ஐந்து எழுத்தையும், பின்னால் வரும் இடைவெளியையும் கூட்டினால் சரியாக 50 அலகு. நிமிடத்துக்கு 20 சொல் என்றால் நிமிடத்தில் 1000 அலகு. ஒரு குறுகிய ஒலிக்கு 60 மில்லிவிநாடி. 5 சொல் என்றால் 240 மில்லிவிநாடி, அதாவது ஏறத்தாழ கால் விநாடி. இந்த இரண்டு எண்ணும் பின்னால் தேவைப்படும்.

ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் எழுத்துகளுக்குக் குறுகிய வடிவம். ஈ (E) என்ற எழுத்து ஒரே ஒரு "டிட்", அதாவது குறுகிய ஒலி. டி (T) என்ற எழுத்து ஒரே ஒரு "டா", அதாவது நீண்ட ஒலி. அரிதாக வரும் கியூவுக்கு "டாடாடிடா". தரவுச் சுருக்கம் என்ற சொல் பிறப்பதற்கு நூறாண்டு முன்பே அதன் அடிப்படை இங்கே வந்துவிட்டது.

ஹாம்கள் வானொலியில் மோர்ஸ் அனுப்புவதை சிடபிள்யூ என்கிறார்கள். தொடர் அலை என்று பொருள். விட்டு விட்டு வரும் ஒன்றுக்குத் தொடர் அலை என்று பெயரா என்று தோன்றலாம். தீப்பொறிக் காலத்தின் தேய்ந்து மறையும் அலையிலிருந்து வேறுபடுத்த வைத்த பெயர். பழைய சண்டை மறந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது.

ஏன் தூரம் போகிறது?

மோர்ஸைப் பற்றிச் சொல்லப்படும் பெருமைகளில் பாதியை உணர்ச்சிக் கணக்கில் எழுதிவிடலாம். இந்த ஒன்றை மட்டும் முடியாது, ஏனென்றால் இது எண் கணக்கு.

குரலை அனுப்ப, மிகச் சிக்கனமான ஒற்றைப் பக்கப்பட்டை முறையில்கூட, சுமார் 2500 ஹெர்ட்ஸ் அகலமான இடம் வேண்டும். பண்பலையில் அதைவிடப் பல மடங்கு. மோர்ஸுக்கு 150 ஹெர்ட்ஸ் போதும். ஏற்பியில் 250 ஹெர்ட்ஸ் வடிகட்டி வைத்தால் வசதியாகக் கேட்கலாம்.

இரைச்சல் என்பது எல்லா அதிர்வெண்ணிலும் பரவிக் கிடப்பது. வாசலை எவ்வளவு அகலமாகத் திறக்கிறீர்களோ அவ்வளவு தூசி உள்ளே வரும். வாசலை 2500-இலிருந்து 250-ஆகக் குறைத்தால் உள்ளே வரும் இரைச்சல் பத்தில் ஒரு பங்கு. சிக்னல் அப்படியே இருக்கிறது. பொறியாளர் மொழியில் 10 டெசிபல் லாபம். பாமர மொழியில், 100 வாட்டில் குரல் அனுப்புவதும் 10 வாட்டில் மோர்ஸ் அனுப்புவதும் ஏறக்குறைய ஒரே நிலை.

இன்னும் இரண்டு சில்லறை லாபங்கள் உண்டு. பேச்சில் ஆற்றல் ஏறி இறங்கும். சராசரி எப்போதும் உச்சத்தைவிட வெகு குறைவு. மோர்ஸில் கீயை, அதாவது தட்டும் விசையை, அழுத்தியிருக்கும் நேரம் முழுக்க உச்ச ஆற்றல்தான். மற்றொன்று, பேச்சைப் புரிந்துகொள்ள ஒலியின் நுணுக்கங்கள் வேண்டும். மோர்ஸில் "இருக்கிறதா, இல்லையா" என்ற ஒரே கேள்விதான். பயிற்சி பெற்ற காது ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு, சுற்றியுள்ள இரைச்சலையும் பக்கத்துச் சுருதிகளையும் தானாகவே ஒதுக்கிவிடும்.

இதன் விளைவுகளைப் பாருங்கள். அமெச்சூர்களுக்குத் தரப்பட்ட 10.100 முதல் 10.150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை வெறும் 50 கிலோஹெர்ட்ஸ் அகலம். அதில் குரல் உரையாடல்களை நெருக்கி அடுக்கினாலும் இருபதுதான் கொள்ளும். 200 ஹெர்ட்ஸ் இடைவெளியில் மோர்ஸ் உரையாடல்கள் என்றால் 250. அதனால்தான் சர்வதேசப் பட்டைத் திட்டங்கள் அங்கே குரலைத் தவிர்த்து, மோர்ஸுக்கும் குறுகிய கணினி முறைகளுக்கும் இடம் ஒதுக்கியிருக்கின்றன. மோர்ஸும் கணினியும் வேண்டாம் என்பவருக்கு அந்தப் பட்டை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கருவியும் எளிமையாகிவிடுகிறது. குரல் அலைபரப்பிக்கு ஒலிவாங்கி, பண்பேற்றி, வடிகட்டி, நேர்கோட்டுப் பெருக்கி எல்லாம் வேண்டும். மோர்ஸ் அலைபரப்பி என்பது ஓர் அலையியற்றியும் அதை இயக்கி நிறுத்தும் கீயும். இரண்டு டிரான்சிஸ்டரில் உள்ளங்கை அளவுக்குக் கட்டி, ஒரு வாட்டுக்கும் குறைவான ஆற்றலில் வெளிநாட்டைத் தொட்டவர்கள் ஏராளம். 5 வாட்டும் அதற்குக் கீழும் இயங்குவதை கியூஆர்பி என்பார்கள். அந்த உலகத்தின் தாய்மொழியே மோர்ஸ்தான்.

1961 டிசம்பர் 12-இல் ஏவப்பட்ட முதல் அமெச்சூர் செயற்கைக்கோளான ஆஸ்கர்-1 இந்த எளிமைக்கு நல்ல சாட்சி. அது அனுப்பியது இரண்டே எழுத்து: மோர்ஸில் "ஹை". உள்ளே வெப்பநிலை மாறினால் எழுத்துகள் வரும் வேகமும் மாறும்படி அமைத்திருந்தார்கள். கையில் கடிகாரம் இருந்தால் போதும், விண்வெளியில் ஒரு பெட்டிக்குள் எவ்வளவு சூடு என்று கணக்கிட்டுவிடலாம். மின்கலம் தீரும்வரை மூன்று வாரம் அது "ஹை" சொல்லிக்கொண்டே இருந்தது.

கணினி வந்த பிறகு

மோர்ஸ் அபிமானிகள் கொஞ்சம் மென்று விழுங்கும் பகுதி இது. பலவீனமான சிக்னலைப் பிடிப்பதில் மோர்ஸ் இன்று முதலிடத்தில் இல்லை.

2017-இல் எஃப்டி8 என்ற முறை வந்தது. உருவாக்கியவர்கள் ஜோ டெய்லர், ஸ்டீவ் பிராங்க் இருவரும். டெய்லர் 1993-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வானியலாளர், ஹாமும்கூட. எஃப்டி8 சுமார் 50 ஹெர்ட்ஸ் அகலத்தில், 15 விநாடிக் கட்டங்களில், பிழைதிருத்தக் குறியீட்டோடு இயங்குகிறது. மனிதக் காதுக்கு எதுவுமே கேட்காத ஆழத்திலிருந்து கணினி அழைப்புக்குறியைத் தோண்டி எடுத்துவிடுகிறது. நிலவில் பட்டுத் திரும்பும் சிக்னல் மூலம் அமெச்சூர்கள் முதன்முதலில் 1960-இல் தொடர்புகொண்டபோது பிரம்மாண்ட ஆன்டெனாக்களும் மோர்ஸும் தேவைப்பட்டன. இன்று கணினி முறைகளின் தயவில் அதைவிட மிகச் சிறிய ஆன்டெனாவே போதும்.

அப்படியானால் மோர்ஸின் வாதம் தோற்றுவிட்டதா? குறிப்பிட்ட அந்த வாதம், ஆமாம். ஆனால் எஃப்டி8 கொடுக்கும் விலையையும் பார்க்க வேண்டும். அதில் சுதந்திரமாக எழுதக்கூடியது ஒரு தடவைக்கு 13 எழுத்து. அழைப்புக்குறி, இடக்குறி, சிக்னல் அளவு, நன்றி என்று அச்சிட்ட படிவத்தைப் பரிமாறிக்கொள்ளலாம், உரையாட முடியாது. இரு பக்கமும் கணினி வேண்டும், கடிகாரங்கள் ஏறக்குறைய ஒரு விநாடிக்குள் ஒத்திருக்க வேண்டும். மோர்ஸில் ஆன்டெனாவைப் பற்றி அரை மணி நேரம் வாதம் செய்யலாம்.

மோர்ஸையே கணினி படித்துவிடுகிறதே, பிறகு நான் ஏன் படிக்க வேண்டும் என்பது அடுத்த நியாயமான கேள்வி. இயந்திரம் சீராக அனுப்பிய, தெளிவான சிக்னலை மென்பொருள் நன்றாகவே படிக்கும். கையால் அனுப்பிய ஏற்ற இறக்கம், வானின் உயரத்தில் அலைகளைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்தால் வரும் மங்கல், ஒன்றின் மேல் ஒன்றாக நாலு நிலையம் என்று வரும்போது திரையில் ஈ, டி, ஐ என்று குப்பையாகக் கொட்டத் தொடங்கும். தேர்ந்த காது அங்கேதான் வேலையைத் தொடங்கும்.

அப்படியென்றால் மிச்சமிருப்பது என்ன?

1. குரலுக்கு இல்லாத தூரம், கணினி இல்லாமல். மோர்ஸ் எங்கே வெல்கிறது என்று ஒரே வரியில் கேட்டால் இதுதான் பதில். மலை உச்சிக்கு ஒரு சின்னப் பெட்டி, ஒரு கம்பி, ஒரு மின்கலம் மட்டும் எடுத்துப் போகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை.

2. மொழி தடையாவதில்லை. மூன்றெழுத்து கியூ குறிகள் தந்திக் காலத்திலிருந்து வருபவை. கியூடிஎச் என்றால் இருப்பிடம், கியூஆர்எம் என்றால் பிற நிலையங்களின் குறுக்கீடு, கியூஎஸ்பி என்றால் சிக்னல் மங்கி மங்கி வருகிறது. ஜப்பானியரும் பிரேசில்காரரும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலே முழு உரையாடலை முடித்து, 73 என்று வாழ்த்துச் சொல்லி விடைபெறலாம். உச்சரிப்பைப் பற்றிய கூச்சம் உள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

3. உடல் வரம்புகளைத் தாண்டுகிறது. பார்வை இல்லாதவர்களும் பேச்சுக் குறைபாடு உள்ளவர்களும் மோர்ஸில் சமமாக நிற்கிறார்கள். இரண்டே பொத்தான், அல்லது ஒன்றே ஒன்று, அசைக்க முடிந்தால் எழுத முடியும் என்பதால்தான் கூகுள் 2018-இல் தன் கைபேசி விசைப்பலகையில் மோர்ஸைச் சேர்த்தது.

4. பேரிடர்க் காலப் பயன். இதை நாலாவதாகத் தள்ளியது வேண்டுமென்றேதான். பேரிடரின்போது மோர்ஸ் உயிர் காக்கும் என்பது அடிக்கடி மிகைப்படுத்திச் சொல்லப்படுகிறது. உள்ளூர் மீட்புப் பணியில் பெரும்பாலும் கைக்கருவியில் குரல்தான் பேசப்படுகிறது. மின்சாரம் இல்லை, ஆன்டெனா உடைந்தது, ஆற்றல் கொஞ்சம்தான் மிச்சம் என்ற கடைசிக் கட்டத்தில் மோர்ஸ் கைகொடுக்கலாம். கைவசம் இருந்தால் நல்லது என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம்.

படிப்பதில் எங்கே சிக்கிக்கொள்கிறார்கள்?

பலர் முதலில் செய்யும் காரியமே தவறு: புள்ளியும் கோடும் போட்ட அட்டவணையைச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்வது. கண்ணால் படித்ததைக் காதால் கேட்கும்போது, மூளை ஒலியைப் புள்ளியாக்கி, அட்டவணையில் தேடி, எழுத்தை எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நிமிடத்துக்கு 5 சொல் வேகத்தில் ஒரு குறுகிய ஒலி கால் விநாடி நீள்கிறது; தேட நேரம் உண்டு. வேகம் 10 சொல்லை நெருங்கும்போது தேடல் பின்தங்கிவிடும். அந்த இடத்தில் மாதக்கணக்கில் தேங்கி, "எனக்கு வராது" என்று விட்டுவிட்டவர்கள் எண்ணிக்கையில் அடங்கமாட்டார்கள். 5 சொல் வேகத் தேர்வே இந்தக் கெட்ட பழக்கத்தை வளர்த்தது என்பது ஒரு வேடிக்கை.

தேக்கம் பற்றிய ஆய்வும் பழையது. வில்லியம் பிரையனும் நோபிள் ஹார்ட்டரும் தந்தி இயக்குநர்களை ஆராய்ந்து 1897-இல் வெளியிட்ட கட்டுரையில், அனுப்பும் திறன் சீராக ஏறுவதையும், வாங்கும் திறன் ஓரிடத்தில் நின்றுவிட்டுப் பிறகு திடீரென ஏறுவதையும் காட்டினார்கள். எழுத்து எழுத்தாகக் கேட்ட காது, சொல் சொல்லாகக் கேட்கத் தொடங்கும் இடைவேளை அது.

இதைக் கடக்க இரண்டு வழிகள் நிலைத்திருக்கின்றன. 1930-களில் ஜெர்மானிய உளவியலாளர் லுட்விக் கோக் முன்வைத்தது ஒன்று: தொடக்கத்திலிருந்தே முழு வேகம், ஆனால் இரண்டே எழுத்து. நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வந்ததும் மூன்றாவதைச் சேர்ப்பது. இன்றைய பயிற்சி மென்பொருள்கள் பலவும் கே, எம் என்ற இரண்டில் தொடங்குகின்றன: "டாடிடா", "டாடா". மற்றது ஃபார்ன்ஸ்வொர்த் முறை. எழுத்து ஒவ்வொன்றும் 18 அல்லது 20 சொல் வேகத்தில் ஒலிக்கும். எழுத்துகளுக்கு இடையே மௌனம் மட்டும் நீளும். பழகப் பழக மௌனத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். இரண்டுக்கும் பொதுவான தத்துவம், எழுத்தை எண்ணவே நேரம் தராமல் அதன் தாளத்தை அப்படியே பழக்குவது.

நாளுக்கு பதினைந்து இருபது நிமிடம், தினமும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மற்ற நாளெல்லாம் விடுவது பலிக்காது. தவறவிட்ட எழுத்தை யோசித்துக்கொண்டு நின்றால் அடுத்த மூன்றும் போய்விடும். போனது போகட்டும் என்று விடப் பழகுவதும் பாடத்தில் சேர்த்தி. பயிற்சி ஒலிப்பான் அலை எதையும் வெளியே அனுப்புவதில்லை என்பதால், உரிமம் வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை.

உரிமம் வந்த பிறகு முதல் அழைப்பை அனுப்பத் தயங்குபவர்கள் அதிகம். எதிர்முனையில் இருப்பவர் 25 சொல் வேகத்தில் பொரிந்து தள்ளினால் என்ன செய்வது என்ற பயம். அதற்கும் தந்திக்காரர்கள் ஒரு குறி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்: கியூஆர்எஸ், மெதுவாக அனுப்புங்கள். அதை அனுப்பினால், பெரும்பாலும் எதிர்முனை வேகத்தைக் குறைத்துக்கொண்டு, உங்கள் அழைப்புக்குறியை மறுபடி முதலிலிருந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டத் தொடங்கும்.